சிக்கு

பதினோரு நாளாய் அவள் தலை வாரவில்லை.
இரண்டாம் ரிவிஷன் டெஸ்ட்டுக்கு
எங்கள் வகுப்பில் வராத ஒரே ஆள் நிவாஷினி.
டைபாய்டு மிஸ், என்றேன்.
அவளுக்காகப் பொய் சொல்லிச் சொல்லி
என் முகத்துக்கு அது பழகியிருந்தது.

ஜூனில் சொன்ன முதல் பொய் இனித்தது.
'ட்யூஷன்ல என்கூடத்தான் இருக்கா அத்தை.'
இருந்தது தேவனாம்பட்டினத்தில்,
அவன் பைக் நிழலில், மாங்காய்க் கீற்றோடு.
மறுநாள் அவள் ஷூவிலிருந்து மணல் கொட்டியபோது
எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

பிறகு லைவ் லொகேஷன் கேட்டான்.
திருப்பாப்புலியூரிலிருந்து செம்மண்டலம் வரை
தினமும் ஒரு நீலப் புள்ளியாய் ஊர்ந்து வீடு சேர்ந்தாள்.
நவம்பரில் ஒருநாள்
கெடிலம் பாலத்துக்கு இந்தப்பக்கம்
புள்ளி ஏழு நிமிஷம் நின்றுவிட்டது.
யார்கூட நின்ன?
மழை, ஒதுங்கினேன் என்று அனுப்பினாள்.
மழையை போட்டோ எடுத்து அனுப்பு என்றான்.
அனுப்பினாள்.
அதை என்னிடம் காட்டிச் சிரித்தாள், நானும் சிரித்தேன்.
'எவ்ளோ உசுரா இருக்கான் பாரு' என்று சொன்னது
நான்தான்.

கன்னத்துக்கு பஸ் கம்பி என்றாள்.
முழங்கைக்கு எங்கள் வீட்டு மாடிப்படி.
எங்கள் வீடு ஓட்டு வீடு.
அத்தை கேட்டபோது
'ஆமாம் அத்தை, வழுக்கிடுச்சு' என்றேன்.
அரசு ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி பார்க்கிறவள் அவள்,
அடிபட்டு வரும் பெண்களை
ஸ்ட்ரெச்சரில் தள்ளித் தள்ளி உள்ளங்கை காய்த்தவள்.
என்னை நம்பினாள்.

சிப்காட் காற்று வருகிறதென்று
நிவா ஒருநாள் ஜன்னலை அடைத்தாள்.
காற்று திசை மாறிய பிறகும் திறக்கவில்லை.
ரத்தம் சோதித்துவிட்டு
பேரீச்சம்பழம் கொடுங்கள் என்றார் டாக்டர்.
யாரோ மந்திரித்துக் கயிறு கட்டினார்கள்.
அவள் அழவில்லை.
அழுதால் தெரிந்திருக்கும் எனக்கு.
துக்கம் என்றால் சத்தம் என்று நினைத்திருந்தேன்.
அது எங்கள் தெரு போர் தண்ணீர் மாதிரி,
யாரும் பார்க்காதபோது உப்பேறுகிறது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும்
தேங்காயெண்ணெயும் சீப்புமாகப் போனேன்.
'வெட்டிடுடி' என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன்,
அதைக்கூடச் சொல்லவில்லை.
சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள்.
தலையணைக்கு அடியில் போன் அதிர்ந்தது, நின்றது,
மறுபடியும் அதிர்ந்தது.

நுனியிலிருந்து ஆரம்பித்தேன்.
விரலால் பாதி, சீப்பால் பாதி.
இடது காதுக்குப் பின்னால் போனபோது
ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு
வெறும் தோல்.
ஓரத்தில் இப்போதுதான் முளைக்கும் பூனைமுடி.
தானாக உதிர்கிற முடி இப்படி வட்டம் விடாது.
என் கையை மூடி, திறந்து, பார்த்தேன்.
ஒரு பிடி.

அப்புறம் எதைப் பார்த்து வாரினேன் தெரியவில்லை,
சீப்பு எங்கோ சிக்கி இழுத்தது.
'வலிக்குது' என்றாள்.

கை நின்றது.

மெல்லத் திரும்பினாள்.
என் முகத்தைப் பார்க்கவில்லை,
அந்தரத்தில் நிற்கும் சீப்பையும்
அதைப் பிடித்த கையையும்
வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.
'நிறுத்திட்ட' என்றாள்.
கேள்வியா என்று தெரியவில்லை.

எண்ணெய் வழிந்து முழங்கை வரை வந்துவிட்டது.
வெளியே கேட் திறக்கும் சத்தம்.
டூட்டி முடிந்து வந்த அத்தை
செருப்பைக் கழற்றியபடியே கேட்டாள்,
'சாப்பிட்டாளா?'

நிவா என் மணிக்கட்டைப் பிடித்தாள்,
சொல்லாதே என்றா சொல் என்றா,
இன்றுவரை நான் கேட்டுக்கொள்ளவில்லை.

'அத்தை' என்றேன்,
'எங்க வீட்ல மாடிப்படியே இல்ல.'